கரையும் இல்லாமல் கடலும் இல்லாமல்: கடியப்பட்டணத்து மீனவரின் வளைகுடா வாழ்க்கை

வெளிநாட்டு நகரத்தில் காலூன்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் கண்முன் நிற்பவை சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடு, டொராண்டோவின் பனி, நியூஜெர்சியின் கோயில். வாடகைக்கு வீடு தேடுவது, பிள்ளைக்குப் பள்ளி பார்ப்பது, குளிருக்கு உடுப்பு வாங்குவது, குடியுரிமை எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பது. எல்லாம் மெய்யான கவலைகள்தான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், வள்ளியாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியிருக்கும் கடியப்பட்டணத்தில் வெளிநாட்டு வாழ்க்கை வேறு மாதிரி. அங்கிருந்து வெளியே போகும் ஆண்களில் பலர் பஹ்ரைன், சவுதி அரேபியா, குவைத், கத்தார், அமீரகம், ஓமான், ஈரான் என்று மீன்பிடிக்கவே போகிறார்கள். பஹ்ரைனின் மனாமாவையும் சவுதியின் கத்தீஃபையும் ஜுபைலையும் அவர்கள் படகு கட்டும் துறைகளாகத்தான் அறிவார்கள்.

அப்படிப்பட்ட துறைமுக நகரத்தில் ஒரு கடியப்பட்டணத்து மீனவர் தொழிலையும் வாழ்க்கையையும் நிலைப்படுத்திக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் எது தடை? இந்தக் கேள்விக்கு நான் வந்தடைந்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி, வெயில், உணவு ஆகிய மூன்றையும் எங்கள் கரைக்காரர்கள் சீக்கிரமே கடந்துவிடுகிறார்கள். அவர்களை மறிப்பது சட்டத்தில் இருக்கும் ஓட்டை. தொழிலாளர் சட்டம் அவரைக் கடலில் வேலை செய்பவர் என்று சொல்லி விலக்குகிறது. கடலோடிகளுக்கான உடன்படிக்கை அவரை மீனவர் என்று சொல்லி விலக்குகிறது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் மனிதரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர். கிழக்கே முட்டம், ஆற்றுக்கு அப்பால் கனிம மணலுக்குப் பேர்போன மணவாளக்குறிச்சி, நடுவில் பேதுரு பவுல் ஆலயத்தைச் சுற்றி நெருங்கிக் கிடக்கும் வீடுகள். 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை நெடுக நடந்து ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதினாரே, அந்தக் கரைதான் இது. சுமார் எழுபது கிலோமீட்டர் நீளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கும் மாவட்டம். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் மூச்சுவிட இடமில்லை. ஆனி ஆடியில் கடல் சீறும்போது வள்ளம் இறங்காது. விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். மீதி மாதங்களில் மண்ணெண்ணெய்ச் செலவு, விசைமடி எனப்படும் இழுவலைப் படகுகளோடு மோதல், கரையைத் தின்னும் அலை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு இளைஞன் விசாவுக்குப் பணம் கட்டுகிறான் என்றால் அதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரை விட்டுப் போய்த் தொழில் செய்வதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. கொச்சி, மங்களூர், குஜராத் வரை போய் மாதக்கணக்கில் தங்கல் தொழில் செய்த தலைமுறைகளின் பேரன்கள்தான் விமானம் ஏறினார்கள்.

அந்தப் பக்கம் இவர்களைக் கூப்பிட்டது எது? பஹ்ரைனில் 1932இல் எண்ணெய் கிடைத்தது. அதே காலத்தில் ஜப்பானியர் வளர்த்தெடுத்த முத்து சந்தைக்கு வந்து, வளைகுடாவின் முத்துக்குளிப்பைக் கொன்றது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது உள்ளூர் இளைஞர்களுக்குக் கரையில் அரசு வேலையும் சம்பளமும் வந்தன. படகும் உரிமமும் அரபிகள் கையில் தங்கின, கடலில் இறங்க வேறு ஆள் வேண்டியிருந்தது. கேரளக்காரர்களும் வங்கதேசத்தவரும் நம் கரைக்காரர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

இதில் ஒரு பழைய கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முத்துக்குளித்த காலத்தில் நாகூதா எனப்படும் படகுத் தலைவன் பருவம் தொடங்குமுன் முன்பணம் கொடுப்பான். குளிக்கிறவன் அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு படகு ஏற முடியாது, கடனோ தீராது. 1920களில் பஹ்ரைனில் அந்த முறையைச் சீர்திருத்தினார்கள். இன்று நம் இளைஞன் வட்டிக்கு வாங்கிக் கட்டிய விசாப் பணம் வேறு உருவத்தில் அதே வேலையைத்தான் செய்கிறது. கடன் கொடுத்தவர் ஊரில் இருக்கிறார், படகுக்காரர் அங்கே இருக்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் அந்தக் கடன் முடியும்வரை எவ்வளவு மோசமான படகானாலும் இவன் இறங்கமாட்டான்.

இனித் தொழில். ஒரு பொறியாளரோ செவிலியரோ வெளிநாட்டு நகரத்துக்குப் போனால் முதலில் நகரத்தைப் படிக்க வேண்டும். மீனவர் முதலில் படிக்க வேண்டியது கடலை. எங்கள் கடலில் கரையை விட்டு விலகிப் போகும்போது மருந்துவாழ்மலையும் வேளிமலையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு மலையையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேராக வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டை நேராக வைத்து, கடலடிப் பாறை எங்கே இருக்கிறது என்று கணித்த பரம்பரை இது. வளைகுடாவின் அரபுக் கரையோ பெரும்பாலும் தட்டை, மலை அரிது. மண்ணும் ஈரப்பதமும் கலந்த மூட்டத்தில் பல நாள் கரையே தெரியாது. கடலும் ஆழமில்லை. சராசரி ஆழம் ஏறக்குறைய 35 மீட்டர்தான், பெரும்பாலான இடங்களில் நூறு மீட்டரை எட்டாது. வடமேற்கிலிருந்து அடிக்கும் ஷமால் காற்று இந்தக் குறைந்த ஆழத்தில் குட்டையான, நெருக்கமான, படகை உலுக்கும் அலைகளைக் கிளப்புகிறது. எங்கள் கரையின் நீண்ட அலைக்குப் பழகிய உடம்பு அங்கே புதிதாகப் பழக வேண்டும். அப்பா கையைப் பிடித்துக் காட்டிய அடையாளங்கள் உதவாது, ஜிபிஎஸ் கருவி ஒன்றே துணை.

கருவிகளும் வேறு. கம்பியில் பின்னிய குடில் போன்ற கர்கூர் என்ற கூடுகள்தான் அங்கே பரவலானவை. அவற்றைப் படகில் அடுக்கிக்கொண்டு போய்க் கடலடியில் இறக்கி, சில நாள் கழித்துத் தூக்க வேண்டும். நீரில் ஊறிய கூட்டைத் தூக்கித் தூக்கி இடுப்பு போகும். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டும், படகின் இரும்பைத் தொட முடியாது. மீன்கள் மட்டும் தெரிந்த முகங்கள். ஹமூர் என்றால் நம் களவா. ஷாரி என்றால் விளமீன். சாஃபி என்றால் ஓரா. கனாத் என்றால் நெய்மீன். இந்தப் பெயர்களையும் எண்களையும் கெட்ட வார்த்தைகளையும் ஒரு பருவத்துக்குள் அரபியில் கற்றுக்கொள்கிறார்கள். படகில் கூட வேலை செய்பவர்களிடம் மலையாளமும் உடைந்த இந்தியும் ஓடும். கன்னியாகுமரிக்காரனுக்கு மலையாளம் புதிதா என்ன? 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்தோடுதானே இருந்தது!

ஆக, தொழில் திறமையைப் பொறுத்தவரை கேள்வியே இல்லை. வலையைக் கிழியாமல் இழுக்கவும் காற்றைப் பார்த்து முடிவெடுக்கவும் தெரிந்தவனை எந்தப் படகுக்காரனும் விடமாட்டான். கணக்கு பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் ஊரில் மீன் கரைக்கு வந்ததும் எல்லார் கண்முன்னும் ஏலம் போகும். விலை எவ்வளவு, வாங்கியவர் யார், எண்ணெய்க்கு எவ்வளவு, படகுக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எவ்வளவு என்று கடைசி வேலையாளுக்கும் தெரியும். ஏமாற்றினால் மறுநாள் கோயில் முற்றத்தில் பேச்சு வரும். வளைகுடாவிலும் பெரும்பாலும் பங்குமுறைதான். டீசல், பனிக்கட்டி, சாப்பாடு, கூடு என்று செலவைக் கழித்துவிட்டு மீதியில் படகுக்கு ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம். ஆனால் ஏலம் நடப்பது வேறு இடத்தில், வேறு மொழியில், இவன் இல்லாத நேரத்தில். செலவுச் சீட்டை எழுதுகிறவர் முதலாளி. விசாவுக்காகப் போட்ட ஒப்பந்தத் தாளில் ஒரு மாதச் சம்பளம் எழுதியிருக்கும். நடைமுறையில் அது யாருக்கும் நினைவில்லை. மீன் கிடைக்காத மாதத்தில் பங்கும் இல்லை, சம்பளமும் இல்லை, செலவுக் கணக்கில் மட்டும் இவன் பெயர் ஏறிக்கொண்டிருக்கும். சவுதியின் கிழக்குக் கரையில் இறால் பருவம் ஆகஸ்ட் தொடங்கி ஜனவரியோடு முடிகிறது. மீதி மாதங்களை எப்படி ஓட்டுவது என்பது ஒப்பந்தத்தில் இல்லை. அரபாப் எனப்படும் இந்த முதலாளிகளில் நேர்மையானவர்கள் நிறையவே உண்டு. ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கூடவே உட்கார்ந்திருப்பவர்களும், மகள் திருமணத்துக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய வாழ்வாதாரம் இன்னொருவருடைய நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்பதை நிலைபெற்ற வாழ்க்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நகரத்தில் இவர்கள் எங்கே வாழ்கிறார்கள்? பலருக்குப் படகே வீடு. கரைக்கு வரும் நாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பலர் சேர்ந்து தங்கும் அறை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள வளைகுடா நாடுகள் வேலையின் தரத்தையும் சம்பளத்தையும் பார்க்கின்றன. மீன்பிடி விசாக்காரருக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியது. நகரத்தின் கடைவீதிகளும் கண்ணாடிக் கோபுரங்களும் அவர் பார்த்துக்கொண்டு கடக்கும் காட்சிகள். அவருடைய நகரம் துறை, மீன்சந்தை, பணம் அனுப்பும் கடை, ஆலயம் என்ற நாலு இடங்களில் அடங்கிவிடும்.

இவற்றில் ஆலயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பஹ்ரைனின் மனாமாவில் 1939இல் எழுந்த திருஇருதய ஆலயம் வளைகுடாவின் பழைய கத்தோலிக்க ஆலயம். தோஹாவில் 2008இல் செபமாலை மாதா ஆலயம் திறந்தது. பஹ்ரைனின் அவாலியில் 2021 டிசம்பரில் அரேபியாவின் அன்னை பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. இந்த ஊர்களில் வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்குப் போனால் முட்டத்துக்காரரையும் குளச்சல்காரரையும் பார்க்கலாம். ஊர்ச்செய்தி அங்கேதான் பரிமாறப்படும், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் படகு வரவில்லை என்பது அங்கேதான் முதலில் தெரியும். ஒருவர் இறந்தால் உடலை அனுப்பப் பணம் திரட்டுவதும் அங்கே கூடும் ஆட்களே. தூதரகம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இந்த ஆலய முற்றங்கள் செய்கின்றன என்று சொன்னால் மிகையில்லை. சவுதியில் ஆலயமே கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு அறைக்குள் சொல்லும் செபமாலையும், ஜூன் 29 பேதுரு பவுல் திருநாளன்று கைபேசியில் பார்க்கும் தேர்ப்பவனியும்தான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சவுதித் தொழிலாளர் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஐநூறு டன்னுக்குக் குறைந்த கலங்களில் வேலை செய்யும் கடல் தொழிலாளர்களைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்குகிறது. நம் ஆட்கள் ஏறும் லாஞ்சு எனப்படும் மீன்பிடிப் படகுகள் அந்த அளவின் பக்கத்திலும் வராதவை. சரி, கடலோடிகளுக்கென்று உலகளாவிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறதே? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. சம்பளம், ஓய்வு நேரம், தாயகம் திரும்பும் உரிமை எல்லாம் அதில் உண்டு. ஆனால் மீன்பிடிக் கலங்களும் தோ எனப்படும் அரபுக் கலம் போன்ற மரபுக் கலங்களும் அதில் அடங்கா என்று இரண்டாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மீனவர்களுக்கென்றே 2007இல் 188ஆம் உடன்படிக்கை உருவாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதை இந்தியா ஏற்கவில்லை. தன் நாட்டு மீனவர்கள் அயல் படகுகளில் இத்தனை பேர் வேலை செய்யும்போது அந்த உடன்படிக்கைக்கு வெளியே நிற்பது இந்தியாவுக்குப் பெருமை தரும் செயலல்ல.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர் குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர் முப்பதாயிரம் ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். பத்து லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம், கட்டணம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீன்பிடி விசா பெரும்பாலும் உறவினர் வழியாகவும் ஏற்கெனவே அங்கே இருக்கும் நண்பர் வழியாகவும் கைமாறுகிறது, அந்த உச்சவரம்பைக் கேட்டால் சிரிப்பார்கள். இன்னொரு பெரிய ஓட்டை ஈரான். அந்தப் பதினெட்டு நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை. எனவே அங்கே போகிறவருக்கு அனுமதியும் தேவையில்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை, எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கும் அரசிடம் சேராது.

அதன் விலை 2020இல் தெரிந்தது. கொரோனாவால் விமானங்கள் நின்றபோது தமிழக மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஈரானின் துறைகளிலும் தீவுகளிலும் படகுக்குள் மாட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கும் குடிநீருக்கும் அலைந்து, கைபேசியில் காணொளி எடுத்து அனுப்பிக் கெஞ்சினார்கள். கடைசியில் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

எல்லைக்கோடுகள் இன்னொரு ஆபத்து. அந்தச் சின்னக் கடலை எட்டு நாடுகள் பங்கு போட்டிருக்கின்றன. பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் இடையிலான கடலெல்லையே 2001 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது. மீன் கோடு பார்க்காது. முதலாளி இன்னும் கொஞ்சம் போ என்பான், பிடிபட்டால் சிறைக்குப் போவது படகோட்டி. 2024 செப்டம்பரில் ஈரானில் வேலை செய்த நெல்லை மாவட்டம் இடிந்தகரை மீனவர் 28 பேரைப் பஹ்ரைன் கடலோரக் காவல்படை பிடித்தது. ஆறு மாதத் தண்டனை மூன்றாகக் குறைந்து, டிசம்பரில் ஊர் திரும்பினார்கள். 2012 ஜூலையில் துபாய் கடலில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று மீன்பிடிப் படகைச் சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் இறந்தார், மூவர் காயம்பட்டார்கள். பல நாட்டுப் போர்க்கப்பல்கள் உலவும் கடலில் கூடு போடுவதன் அர்த்தம் இது.

கடியப்பட்டணத்துக்கே 2022 அக்டோபரில் அடி விழுந்தது. பஹ்ரைனில் கடலுக்குப் போன இந்த ஊர்க்காரர் இருவர் கரை திரும்பவில்லை. குடும்பத்தார் மனு கொடுத்தார்கள், மாநில அரசு வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. காணாமல் போனவரின் மனைவிக்கு அதன்பிறகு நேர்வது என்ன என்பதை நகரத்தில் இருப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். உடல் இல்லை, எனவே இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் காப்பீடு இல்லை, வங்கிக் கணக்கைத் தொட முடியாது, கடன் மட்டும் ஓடும். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய தகவலே இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு அரசு சிறப்பு நடைமுறை வகுத்து அந்தக் காத்திருப்பைத் தவிர்த்தது. புயலில் காணாமல் போனவருக்குச் செய்ய முடிந்ததைப் பஹ்ரைன் கடலில் காணாமல் போனவருக்கு ஏன் செய்ய முடியாது?

இத்தனைக்கும் பிறகும் ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். ஓலையும் ஓடும் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு நிற்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை பொறியியல் கல்லூரிக்குப் போகிறாள், தம்பி கப்பல் வேலைக்குப் படிக்கிறான். இந்த மாற்றத்தில் வளைகுடாக் கடலின் பங்கு பெரியது. வரும் பணத்தை ஆள்வதும், சீட்டு கட்டுவதும், வட்டிக்காரரைச் சமாளிப்பதும், வீட்டுக்குக் கல் இறக்குவதும், பிள்ளையைக் கண்டிப்பதும் பெண்கள். கணவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து, தான் கட்டிய வீட்டில் விருந்தாளிபோல இருந்துவிட்டுப் போகிறார். குடும்பம் ஊரிலேயே வேரூன்றி வளர்கிறது. அதற்கு நீர் ஊற்றுபவருக்கு அங்கும் வேரில்லை, இங்கும் முழுதாக இல்லை. இதே மாவட்டத்தின் தூத்தூர் பகுதிக்காரர்கள் சொந்தப் படகில் ஆழ்கடலுக்குப் போவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆபத்து அதிலும் உண்டு, ஆனால் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. வளைகுடாவில் சேர்த்த பணத்தைக் கொண்டு ஊரில் படகில் பங்கு வாங்கித் திரும்பியவர்களையே நான் உண்மையில் வென்றவர்களாகக் கருதுகிறேன்.

கேரளம் 1996இலேயே வெளிநாட்டு மலையாளிகளுக்கென்று நோர்க்கா துறையைத் தொடங்கியது, 1998 முதல் வெளியே போனவர்களைக் கணக்கெடுத்து வருகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பெரிய கணக்கெடுப்பு 2015இல்தான் நடந்தது, ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் ஆனது, நலவாரியமும் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் மேடையில் தொழிலதிபர்களும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், லாஞ்சில் கூடு தூக்குகிறவர் இல்லை. தெற்காசிய மீனவர் தோழமை போன்ற அமைப்புகள் ஒவ்வொரு விபத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன. மனு வரும்வரை காத்திருக்காமல் அரசு செய்யக்கூடியவை சில உண்டு. ஈரானைப் பட்டியலில் சேர்ப்பது முதலாவது. மீன்பிடி விசாவின் ஒப்பந்தத்தில் பங்கு எவ்வளவு, எந்தச் செலவைக் கழிக்கலாம், பருவம் இல்லாத மாதங்களில் குறைந்தபட்சம் என்ன கிடைக்கும் என்பதைத் தமிழிலும் எழுதியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தலாம். அயல்கடலில் காணாமல் போவோர் குடும்பத்துக்கு ஒக்கி நடைமுறையை நிரந்தர ஆணையாக்கலாம். 188ஆம் உடன்படிக்கையை ஏற்கலாம்.

இவையெல்லாம் நடக்கும்வரை, மகனையோ கணவனையோ அனுப்பப்போகும் கடியப்பட்டணத்து வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள், அரபாபின் முழுப்பெயரும் தொலைபேசி எண்ணும், ஏறும் படகின் பதிவு எண், துறையின் பெயர், காப்பீட்டு எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள், ஒரு நகலைப் பங்கு ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். ஈரானுக்குப் போனாலும் காப்பீட்டை நீங்களாகவே கேட்டு எடுங்கள். விசாப் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், கொடுத்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.